மறையாது மொழிதல்

(கடல் கடந்து செல்வோர் தம் உணவுப்பொருளையும் காட்டுத் தொடர்பையும் சுங்கத்தில் அறிவித்தல் பற்றி, சங்கரன்கோவிலில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் யாம் பன்முறை பேசியதுண்டு. அப்பொழுதெல்லாம் இலக்கியமோ புராணமோ பொருளாக அமைந்தது. இம்முறை செயற்குழுவார் எமக்கிட்ட பொருள் வேறு. நம்மவருள் இன்று பிள்ளைகளை அயல்நாட்டில் வைத்திராத குடும்பம் அரிது. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் தாயும், பேரனின் காதணி விழாவுக்குப் பாட்டனுமாகச் சிட்னிக்கும் சிங்கப்பூருக்கும் சிக்காகோவுக்கும் செல்கின்றனர். செல்பவர் வெறுங்கையோடு செல்வாரோ? அரிசி முதல் அவரைவிதை ஈறாகப் பெட்டியில் அடைக்கின்றனர். அப்பெட்டி அயல்நாட்டுச் சுங்கத்தில் திறக்கப்படும்போது நேரும் இடர்களைக் கேள்வியுற்ற குழுவார், அதனைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தனர்.

தமிழாசிரியர் ஒருவர்க்குச் சுங்கத்தோடு என்ன தொடர்பு என்று வினவுவீர்கள். தொடர்பு உண்டு. அது யாம் நாணி ஒளித்து வைத்திருந்த தொடர்பு. அதனை முதற்கண் சொல்லிவிடுவதே முறை.

2023-ஆம் ஆண்டு தைத் திங்களில் எம் அன்னையாரை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவில் வாழும் எம் இளவலைக் காணச் சென்றோம். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே மாட்டுப்பொங்கல். எம் மாமனார் தோட்டத்தில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டினோம். அன்று அணிந்திருந்த காலணியே பெட்டிக்குள் புகுந்தது. அன்னையார் தம் பங்குக்கு வற்றல் மிளகாய், மல்லி, சீரகம், கொல்லையிற் பறித்த கறிவேப்பிலை, அவரைவிதை, முறுக்கு, அதிரசம் ஆகியவற்றை எடுத்து வைத்தார். யாவற்றிற்கும் மேலாக, கோமதியம்மை சந்நிதியிற் பெற்ற புற்றுமண்ணை வெள்ளைத் துணியில் முடிந்து வைத்தார். பேத்திக்குக் கைகால்களில் தோல்நோய் இருந்தது. மருத்துவர் தந்த களிம்பை அவர் மறுத்தாரல்லர்; அதனோடு அம்மையின் மண்ணும் படவேண்டும் என்பது அவர் எண்ணம். இவ்வூரில் பிறந்தார்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

விமானத்தில் பணிப்பெண் ஓர் அட்டை தந்தாள். அதில் வினாக்கள் நிரல்பட இருந்தன. இறைச்சி, முட்டை, பால்பொருள், காய், கனி கொண்டுவந்துள்ளீரா? தானியம், விதை, செடி, செடியின் உறுப்பு, நாட்டு மருந்து உண்டா? மண் அல்லது மண் ஒட்டிய பொருள் உண்டா? கடந்த 30 நாள்களில் பண்ணையோடோ பண்ணை விலங்கோடோ காட்டுப்பகுதியோடோ தொடர்பு கொண்டீரா? ஒவ்வொன்றுக்கும் "ஆம்", "இல்லை" எனக் கட்டங்கள் இரண்டு.

அன்பர்களே! இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் வாய்மையைக் கற்பித்துவரும் யாம், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே குறித்தோம். எமக்கு நாமே கூறிக்கொண்ட சமாதானங்களைக் கேளுங்கள். பிரசாதம் மண்ணாகுமோ? ஒருநாள் மாட்டைத் தொட்டவன் பண்ணையாளன் ஆவானோ? பொடிக்க வைத்த மல்லியும் விதையாகுமோ? சொல்லுக்குப் பொருள் காணும் தொழிலில் பழகிய அறிவு, அன்று சொல்லின் பொருளைக் குறைப்பதற்குப் பயன்பட்டது.

அன்னையார் கையெழுத்து மட்டுமே அறிந்தவர். தம் அட்டையில் கையெழுத்திடுமுன், "ஏய்யா, இதுல என்ன கேட்டிருக்கு? ஒண்ணொண்ணா வாசி" என்றார். வாசித்துப் பொருள் சொன்னோம். மண் என்ற இடத்தில் நிறுத்தினார். "மண்ணு இருக்கே. நீ என்ன போட்டிருக்க?" என்றார். "அது பிரசாதமன்றோ" என்றோம். "எனக்குப் பிரசாதம். கேக்கிறவனுக்கு மண்ணு. அவன் கேட்டதுக்குல்லா பதில் சொல்லணும்? அம்மையைப் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போனா அவ வருவாளா?" என்றார்.

யாம் மறுமொழி கூற இயலாது போனோம். வேறு அட்டைகள் பெற்று, உள்ளதை உள்ளவாறே குறித்தோம்.

விமான நிலையத்தில் எம்மைத் தனி வரிசையில் நிறுத்தினர். அலுவலர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டார். முறுக்கையும் அதிரசத்தையும் பார்த்துத் திருப்பித் தந்தார். மிளகாய், மல்லி, சீரகம், கறிவேப்பிலை, அவரைவிதை ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். காலணியின் அடிப்பள்ளங்களில் மாமனார் தோட்டத்துக் கரிசல்மண் காய்ந்து கிடந்தது. அதனை உள்ளே கொண்டுசென்று துப்புரவு செய்து ஈரத்தோடு தந்தார். இறுதியாகத் துணிமுடிப்பைக் கையிலெடுத்தபோது அன்னையார் கைகூப்பிக் கண்மூடி நின்றார். அது யாதென அவ்வலுவலர் எம்மைக் கேட்டார். கோயில் மண் என்றோம். அன்னையார் கண் திறக்கும் வரையில் முடிப்பைக் கையிலேந்தியபடி அவர் காத்து நின்றார். பின்னரே அப்புறப்படுத்தினார். தண்டம் ஒரு காசும் இல்லை. அறிவித்தமைக்கு நன்றி கூறி அனுப்பினார்.

அடுத்த வரிசையில் நம் நாட்டவர் ஒருவர் நின்றார். அவர் பெட்டியில் எம் பெட்டியிலிருந்தவற்றுட் பாதிகூட இல்லை. ஆயினும் அவர் அட்டையில் "இல்லை" என்றிருந்தது. அவர் மனைவி அழ, அவர் தண்டச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். எம் முதல் அட்டை எம் சட்டைப்பையில் மடித்துக் கிடந்தது. அன்னையார் கேட்டிராவிடில் அவ்விடத்தில் நின்றிருப்பவர் யாமே.

நிற்க. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பு. அதற்கு விடை காண்போம்.

முதலாவது, கோமாரி நோய். நம் மாடுகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் தோன்றி, பால் வற்றி, உழைப்பு குன்றுவதை நாம் அறிவோம். நம் நாட்டில் இந்நோய் நெடுங்காலமாக நிலைத்துள்ளது. இதனை ஒடுக்குவதற்கெனவே 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆனால் ஆஸ்திரேலியாவில் இந்நோய் 1872-க்குப் பின் தோன்றவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1929-க்குப் பின் தோன்றவில்லை. இந்நோயின் நுண்ணுயிர் மனிதரை வருத்துவது மிக அரிது. ஆனால் மனிதரின் காலணியிலும் ஆடையிலும், பதப்படுத்தாத பாலிலும் இறைச்சியிலும் ஏறிச் செல்ல வல்லது. 2001-ஆம் ஆண்டு பிரிட்டனில் இந்நோய் புகுந்தது. கள்ளத்தனமாக வந்த இறைச்சியின் எச்சம் பன்றிகளுக்குத் தீனியாகப் போடப்பட்டதே தொடக்கமாக இருக்கலாமென ஆராய்ந்தோர் கருதினர். அவ்வோராண்டில் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொன்று எரிக்கவும் புதைக்கவும் பெற்றன. நாட்டுப் பொதுத்தேர்தலே ஒரு திங்கள் தள்ளி வைக்கப்பட்டது.

2022-ஆம் ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவில் இந்நோய் காணப்பட்டு, சூலையில் பாலித்தீவை அடைந்தது. உடனே ஆஸ்திரேலியர் தம் விமான நிலையங்களில் மருந்து நனைத்த மிதியடிகளை விரித்தனர். அச்சமயம் பாலியிலிருந்து டார்வின் நகரில் இறங்கிய பயணி ஒருவர், உணவகத்தில் வாங்கிய முட்டையும் மாட்டிறைச்சியும் வைத்த ரொட்டி இரண்டையும், பன்றியிறைச்சி வைத்த ரொட்டி ஒன்றையும் அறிவியாது பையில் வைத்திருந்தார். மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. 2,664 ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2019 அக்டோபரில், வியட்நாமிலிருந்து சிட்னிக்கு வந்த பெண்மணி ஒருவர் பத்துக் கிலோவளவு பன்றியிறைச்சி முதலியவற்றை மறைத்தமையால், நுழைவுரிமையே நீக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். 1908-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, 2015-ஆம் ஆண்டில் இயற்றி 2016 முதல் நடைமுறைக்கு வந்த உயிர்க்காப்புச் சட்டத்தை அப்பெண்மணி மீறியமையே அதற்குக் காரணம்.

இரண்டாவது, கறிவேப்பிலை. ஓர் இணுக்குக் கறிவேப்பிலையால் என்ன கேடு என்பீர்கள். நம் அண்மையிலுள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்பெற்ற ஊர். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பத்தின என்பதை நம்மிற் பலர் அறியார். எலுமிச்சை இனத்தைப் பற்றும் ஒருவகைச் சிற்றுயிர் கறிவேப்பிலையிலும் தங்கி இனம் பெருக்கும். அதன் சாறுறிஞ்சும் வாய்வழியே பசுமையாதல் நோய் என்னும் கொடுநோய் மரத்துக்கு மரம் பரவும். நோயுற்ற மரத்தின் கனி சிறுத்துக் கோணி, பழுத்தும் அடிப்புறம் பச்சையாகவே நின்று உதிரும். மருந்து காணப்படவில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இச்சிற்றுயிர் 1998-இலும், நோய் 2005-இலும் கண்டறியப்பட்டன. 2003-04-ஆம் பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில், 2022-23-ஆம் பருவத்தில் விளைந்தது 2 கோடிப் பெட்டிக்கும் குறைவு. அப்பருவத்தில் அடித்த சூறாவளிக்கும் அதிற் பங்குண்டு; எனினும் அடிவேரை அரித்தது அந்நோயே. புளியங்குடிச் சந்தை ஒருநாள் வெறிச்சோடிக் கிடப்பதாக எண்ணிப் பாருங்கள். அமெரிக்கச் சுங்கத்தார் பச்சைக் கறிவேப்பிலையைக் கண்டதும் முகம் மாறுவதன் காரணம் விளங்கும்.

மூன்றாவது, தானிய வண்டு. கப்ரா வண்டு என்னும் பெயருடைய சிறுவண்டு நம் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. அதன் புழு உணவின்றியே ஆண்டுக்கணக்கில் இடுக்குகளில் மடங்கிக் கிடக்கும். நற்காலம் வந்ததும் எழுந்து தானியத்தைத் தின்று உமியாக்கும். இதன்பொருட்டே அமெரிக்கர் 2011 முதல் இவ்வண்டு வாழும் நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருதலைத் தடுத்தனர். ஆஸ்திரேலியர் 2020-ஆம் ஆண்டில் அரிசி, கோதுமை, துவரை, பயறு, கடலை, மல்லி, சீரகம், சோம்பு, வற்றல் மிளகாய் முதலியவற்றைப் பயணப்பெட்டியில் கொண்டுவரலாகாது என விதித்தனர். நம் அஞ்சறைப்பெட்டியிலுள்ள பலவும் அப்பட்டியலில் அடங்கிவிட்டன. எம் அன்னையாரின் மல்லியும் சீரகமும் மிளகாயும் அங்கே தங்கியதன் காரணம் இதுவே.

"அவர்கள் கடையில் நம் நாட்டு மல்லியே விற்கிறதே, அது மட்டும் எவ்வாறு சென்றது?" என ஒருவர் கேட்கலாம். வாணிகத்தின் வழியாகச் செல்லும் சரக்கு உரிமம் பெற்று, புகையூட்டியோ வெப்பமூட்டியோ தூய்மை செய்து, சான்றிதழோடு சென்று, அங்கும் சோதிக்கப்படுகிறது. நம் முடிப்புக்கு அத்தகைய சான்று யாது? தாயின் அன்பு உயர்ந்ததே. ஆயினும் அது வண்டைக் கொல்லாது.

இனி, வேறொரு மனக்குறை உண்டு. முதியோர் சிலர் நேரே சொல்லாவிடினும் உள்ளத்தில் வைத்திருக்கின்றனர். "நம்மை நோய்பிடித்தவர் போலவும் திருடர் போலவும் நடத்துகின்றனரே" என்பது அது. இக்குறைக்கு வேர் இல்லாமல் இல்லை. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் சென்றார் பல்லாயிரவர். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல்வழி திறந்தபின் அவர்கள் அவ்வழியே சென்றனர். மண்டபத்தில் இலங்கை அரசார் நடத்திய முகாமில் அவர்களைச் சில நாள் தடுத்து, உடலைச் சோதித்து, அம்மை குத்தி, உடைமைகளுக்கு மருந்திட்டு, பின்னரே கப்பலேற்றினர். காலராவும் பிளேக்கும் கடலைக் கடவாதிருக்க அது வேண்டப்பட்டது உண்மையே. எனினும் ஏழைக் கூலியாட்களே பெரிதும் அவ்வாறு அடைக்கப்பட்டனர். அவர்களை எவரும் எதுவும் கேட்டாரல்லர். மந்தையெனக் கருதி மருந்திட்டனர். அந்நினைவு குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது.

ஆயின் இன்றைய அட்டையை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது. டார்வினில் தண்டம் கட்டியதற்கு அப்பயணி எந்நாட்டார் என்பது காரணமன்று, அறிவியாமையே காரணம். தம் நாட்டுக்குத் திரும்பும் ஆஸ்திரேலியரும் அதே அட்டையையே நிரப்புகின்றனர். அன்று நம்மவரை வாய் திறக்கவிடாது சோதித்தனர். இன்று முதலில் நம் சொல்லைக் கேட்கின்றனர். நம் சொல்லை நம்பி ஒருவர் ஒரு வினாவை நம்முன் வைக்கும்போது, நாம் பொய் கூறின், இழிவு கேட்டவர்க்கோ நமக்கோ? திருக்குறளில் வாய்மைக்கென ஓரதிகாரம் வகுத்த மொழியினர் நாம். அவ்வதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு ஒப்புவிக்கச் செய்யும் எமக்கு, அதன் பொருளை எழுத்தறியாத் தாயே விமானத்தில் உணர்த்த வேண்டியதாயிற்று.

மற்றொன்று. இந்நெறி அயலார் நலத்துக்கு மட்டும் உரியதன்று. வெளியிலிருந்து வந்த உயிர்களால் நாம் பட்ட பாடும் சிறிதன்று. இலங்கையில் காப்பிப்பயிர் செழித்திருந்த காலத்து, 1869-இல் இலைத்துரு நோய் கண்டது. இருபதாண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. தேயிலை அவ்விடத்தைப் பற்றுமளவும், அத்தோட்டங்களை நம்பிச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பட்ட துயர் பெரிது. நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டளவில் புனேயில் காணப்பட்ட பார்த்தீனியச் செடி, அயல்நாட்டுக் கோதுமையோடு வந்ததென்பர். இன்று அது முளையாத புறம்போக்கு உண்டோ? 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. மெக்சிகோ நாட்டுப் பூச்சி அது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பலவற்றையும் வெண்மாவு போர்த்தி வாட்டியது. 2010-இல் அதன் இயற்கைப் பகையாகிய நுண்குளவியைப் போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து அரசார் வரவழைத்துப் பெருக்கி விட்டபின்னரே அடங்கியது. எவர் பெட்டியில், எக்கன்றில், எக்கனியில் அப்பூச்சி வந்ததென்று எவரும் அறியார். வந்தவழி அறியப்படாமையே இத்தகைய கேட்டின் இயல்பு.

மக்காச்சோளம் விதைக்கும் நம் அன்பர்கள் படைப்புழுவை மறந்திரார். அமெரிக்கக் கண்டத்துக்குரிய அப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018-இல் கருநாடகத்திலும் காணப்பட்டு, அவ்வாண்டே நம் கரிசற்காட்டுக் கதிர்களையும் துளைத்தது. அதன் அந்து நெடுந்தொலைவு பறக்க வல்லது. எனவே அதனை ஒரு பயணியின் தலையில் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் புதியதோர் உயிர் புகுந்தால் உழவன் என்ன பாடுபடுவான் என்பதற்கு அது சான்று. அத்துயர் நமக்கு வந்ததுபோல் பிறர்க்கு நம்மால் வருதல் ஆகாது.

ஆகவே நம் நாடும் இதே வினாவை நம்மிடம் கேட்கிறது. இதற்கென 1914-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் 2003-ஆம் ஆண்டின் தாவரக் காப்பு ஆணையும் உள்ளன. இந்தியச் சுங்கத்தின் அறிவிப்புப் படிவத்திலும் இறைச்சி, பால்பொருள், விதை, செடி, கனி, பூ என்பன குறிக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டிலிருந்து அழகிய பூச்செடியும் பழக்கன்றும் விதையும் கொணர்ந்து தோட்டத்தில் நட விரும்பும் அன்பர்கள் இதனை மனங்கொள்க.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

பெட்டி கட்டுமுன், செல்லும் நாட்டின் தடைப்பட்டியலைப் பிள்ளைகளிடம் கேட்டறிக. ஒரு நாட்டில் செல்வது மற்றொன்றில் செல்லாது. நியூசிலாந்து தேனையும் விடாது. வளைகுடாவில் ஐக்கிய அரபு நாடும் சவூதி அரேபியாவும் நம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவைப் போதைப்பொருளாகக் கருதும்; அதனை எடுத்துச் சென்றோர் சிறை புகவும் நேரும்.

பெட்டியை நீவிரே கட்டுக. உறவினர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராது வாங்கற்க. பெட்டி யாருடையதோ, விடைகூறும் கடமையும் அவருடையதே. "மாமியார் வைத்தது, எமக்குத் தெரியாது" என்பது அங்கே செல்லாது.

ஒருமாத அளவில் வயலுக்கோ மாட்டுத்தொழுவுக்கோ சென்றிருப்பின் "ஆம்" என்று குறிக்க. வீட்டு முற்றத்தில் கட்டிய பசுவும் பண்ணை விலங்கே. அமெரிக்கரும் பண்ணைக்கோ மேய்ச்சல் நிலத்துக்கோ சென்றதையும், கால்நடையைத் தொட்டதையும் கேட்பர். தாளில் கேளாவிடினும் வாய்மொழியாகக் கேட்கக்கூடும். நியூசிலாந்தாரும் 30 நாள் கணக்கே வைத்துள்ளனர். "ஆம்" என்றால் பயணம் தடைப்படும் என்று அஞ்சற்க. எங்கே, எப்பொழுது, எந்தக் காலணி என்று கேட்பர். வேண்டின் துடைத்துத் தருவர். புறப்படுமுன்பே காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவி உலர்த்திவிடின் அதுவும் எளிதாகும்.

ஐயம் தோன்றின் "ஆம்" என்றே குறிக்க. இதுவே யாம் கூறும் அனைத்திலும் தலையாயது. அறிவித்த உணவுப்பொருள் தடைசெய்யப்பட்டதாயினும், பொருள் போகுமே யன்றித் தண்டம் வாராது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இதுவே வழக்கம். மறைத்தால், நியூசிலாந்தில் 400 டாலர் அவ்விடத்திலேயே தண்டம். அமெரிக்காவில் முதன்முறைப் பிழைக்கே ஆயிரம் டாலர் வரை விதிக்கலாம். விமானத்தில் தந்த பழமும் மிச்ச உணவும் கைப்பையில் தங்கியிருக்கும். இறங்குமுன் உண்டுவிடுக, அல்லது இருக்கையிலேயே விட்டுவிடுக. அறிவித்தவர்க்குப் பத்து நிமிடம் தாழ்க்கும்; மறைத்தவர்க்கு ஆண்டுகள் கழிந்தும் அவ்வழு ஏட்டில் நிற்கும்.

புற்றுமண்ணைப் பற்றி ஒரு சொல். ஆடித்தபசுக்கு வரும் அன்பர் பலரும் அதனை அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புகின்றனர். மண்ணில் நம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அளவிறந்தன வாழும். எனவே ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் பயணியின் பையில் வரும் மண்ணை ஏற்பதில்லை. எனவே அதனை எடுத்துச் செல்லாதிருத்தலே நன்று. எடுத்துச் சென்றுவிட்டால், சொல்லிக் கொடுத்துவிடுதலே நன்று. ஒளித்துக் கொண்டுபோகும் அருள் என ஒன்று உண்டோ?

எம் அன்னையார் இளவலின் இல்லம் சேர்ந்ததும், பேத்தியை மடியில் இருத்தி, வெறுங்கையால் அவள் கைகால்களைத் தடவிவிட்டார். "மண்ணு எங்க பாட்டி?" என்று குழந்தை கேட்டது, தொலைபேசியில் முன்னரே சொல்லி வைத்திருந்தார். "மண்ணு வரக்கூடாதாம்மா. நீதான் அங்க வரணும்னு அம்மை சொல்லிட்டா" என்றார். அவ்வாண்டு ஆடியில் இளவல் குடும்பத்தோடு இங்கு வந்தான். எட்டாண்டாக வாராதிருந்தவன் அவன்.

அன்பர்களே! இச்சங்கத்தின் கட்டடத்தில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு யாமும் எம் பள்ளியில் மேல்வகுப்புப் பயிலும் மாணவர் இருவரும் இருப்போம். பயணம் செல்லவிருக்கும் பெரியோர், தாய்மார் யாவரேயாயினும் வருக. படிவத்தின் ஒவ்வொரு வினாவையும் தமிழில் வாசித்துப் பொருள் சொல்வோம். விடையை மட்டும் நீங்களே சொல்லுங்கள்.